வெறும் வயிற்றுச் சுகர் ஏறி நின்றால் ஈரலைப் பாருங்கள்

காலையில் வெறும் வயிற்றில் எடுத்தால் சுகர் ஏறி நிற்கிறது. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து எடுத்தால் அந்த அளவுக்கு மோசமில்லை. இப்படி ஒரு ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கு வந்தபோது எடுத்துச் சொல்ல ஆளில்லை. வீட்டுக்காரர் மலேசியாவில், பிள்ளைகள் வெளியூரில். காரைக்குடியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பல வருஷம் வேலை பார்த்தவள் என்பதால் டியூப், ஊசி, மெஷின் எல்லாம் எனக்கு அத்துப்படி. ஆனால் அந்த எண்ணுக்குப் பின்னால் ஈரலில் என்ன நடக்கிறது என்பதைத் தனியாகத் தேடித் தேடித்தான் படிக்க வேண்டியிருந்தது. அதற்குள் முப்பதாயிரம் ரூபாய்க்கு மேல் கரைந்துவிட்டது, ஏறக்குறைய ஒரு வருஷமும் போய்விட்டது.

என் கணக்கு இது: வயது 46, எடை 72 கிலோ, வெறும் வயிற்றில் 128, சாப்பிட்ட பின் 164, மூன்று மாதச் சுகர் சராசரி (எச்பிஏ1சி) 6.6. வெறும் வயிற்றில் 126-ஐத் தொட்டாலும் சராசரி 6.5-ஐத் தொட்டாலும் சர்க்கரை நோய் என்று எழுதுவார்கள். வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரை அதற்கு முந்தைய படி. "இனிப்பக் குறைச்சுக்கங்கம்மா, நடங்க" என்றதோடு சீட்டு முடிந்தது. நான் காப்பிக்கே சர்க்கரை போடுவதில்லை. இரவு இரண்டு இட்லியோடு நிறுத்தினேன், காலையில் 131. இரவுச் சாப்பாட்டையே விட்டுப் பார்த்தேன், 134. பக்கத்து வீட்டு ஆச்சி, "ராத்திரி பட்டினி கெடந்தா எறங்கத்தானே வேணும், மெஷினு கெட்டுப்போச்சா பாரு" என்றார்கள். அந்த நாட்களில் இருந்த பயத்தைச் சொல்லி மாளாது. சாப்பிட்டு ஏறினால் சாப்பாட்டைக் குறைக்கலாம். சாப்பிடாமலே ஏறினால் யாரிடம் போய்க் கேட்பது?

மெஷின் கெடவில்லை என்பதை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். இரவு ஏழரைக்குள் சாப்பாட்டை முடித்துவிட்டுப் படுக்கப்போகும்போது ஒன்று, அதிகாலை மூன்று மணிக்கு ஒன்று, எழுந்ததும் காப்பி குடிக்கும் முன் ஒன்று என்று விரலில் குத்திப் பாருங்கள். எனக்கு 126, 119, 137 வந்தது. மூன்று மணியிலிருந்து ஆறு மணிக்குள் வாயில் ஒன்றும் போடாமல் 18 ஏறியிருக்கிறது. அந்தச் சர்க்கரை வெளியிலிருந்து வரவில்லை, ஈரல் இறக்கிவிட்டது. ஒரு நாள் வைத்து முடிவு கட்ட வேண்டாம். வீட்டு மெஷினில் 100-க்கு மேல் உள்ள அளவுக்குப் பதினைந்து சதவீதம் முன்பின் இருக்கலாம் என்று தரவிதியே சொல்கிறது. இரண்டு மூன்று இரவுகள் ஒரே போக்கு தெரிந்தால் நம்பலாம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்த பிறகே குத்துங்கள். மாம்பழம் நறுக்கிய விரலில் குத்தி 200 வந்ததென்று அலறிக்கொண்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். இன்சுலினோ கிளிமிப்பிரைடு மாதிரி மாத்திரையோ எடுப்பவர்களுக்கு மூன்று மணிக்கு 70-க்குக் கீழே வந்தால் அது வேறு விஷயம். அன்றைக்கே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

ஈரல் ஏன் இப்படிச் செய்கிறது என்பதை அதன் வழக்கமான வேலையிலிருந்து பார்க்க வேண்டும். உடம்பில் ஓடும் ரத்தம் முழுவதிலும் ஒரு நேரத்தில் கரைந்திருக்கும் சர்க்கரை நாலைந்து கிராம்தான், ஒரு தேக்கரண்டி. தூங்கும்போதும் மூளைக்கு அது போய்க்கொண்டே இருக்க வேண்டும். அதனால் ஈரல், அறுவடை நெல்லைப் பத்தாயத்தில் கொட்டி வைத்து வேண்டும்போது அளந்து எடுப்பதுபோல, சாப்பிட்ட சர்க்கரையைக் கிளைக்கோஜனாகச் சேர்த்து வைத்து இரவு முழுவதும் வெளியே விடுகிறது. முழுக்க நிறைந்திருந்தால் ஏறக்குறைய 100 கிராம் இருக்கும். இருப்பு குறையக் குறைய, புரதத்தின் துண்டுகளிலிருந்தும் கொழுப்பு கரைந்து வரும் கிளிசராலிலிருந்தும் புதிதாகவே சர்க்கரை செய்யும். விடியும் வரை கிலோ எடைக்கு நிமிஷத்துக்கு 2 மில்லிகிராம் என்பது சராசரி. 60 கிலோ ஆளுக்கு மணிக்கு ஏழு கிராம். ஈரல் சர்க்கரை செய்யும் என்பதையே 1800-களின் நடுவில் பிரான்சில் கிளாட் பெர்னார் கண்டுசொன்ன பிறகுதான் உலகம் அறிந்தது. அதுவரை சாப்பாட்டில்தான் சர்க்கரை வருகிறது என்று நினைத்தார்கள். நம்மில் பெரும்பாலானவர்கள் இன்னும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

ஈரல் விடும் சர்க்கரையைக் கூட்டிக் குறைப்பது ஹார்மோன்கள். குளுக்ககான் கூட்டும். இன்சுலின் குறைக்கும். விடிகாலையில் கார்ட்டிசாலும், இரவுத் தூக்கத்தில் சுரக்கும் வளர்ச்சி ஹார்மோனும் கூட்டும் பக்கம் சேர்ந்துகொள்ளும். எல்லாருக்கும் விடிகாலையில் ஈரல் கொஞ்சம் கூடுதலாகத்தான் விடும். நல்ல உடம்பில் கணையம் இன்னும் ஒரு சொட்டு இன்சுலினை விட்டு அதை அடக்கிவிடும். அந்த இன்சுலின் முதலில் போய்ச் சேருகிற இடமும் ஈரல்தான். கணையத்திலிருந்து கிளம்புவது நேராகப் போர்ட்டல் ரத்தக்குழாய் வழியாக ஈரலுக்குள் நுழைகிறது. அதனால் கை நரம்பில் நாம் எடுக்கும் ரத்தத்தைவிட ஈரல் பார்க்கும் இன்சுலின் இரண்டு மூன்று மடங்கு அதிகம். அதில் பாதியை ஈரலே பிடித்து அழித்துவிட்டு மீதியைத்தான் உடம்புக்கு விடுகிறது. இவ்வளவு இன்சுலின் வாசலில் நின்றும் ஈரல் சர்க்கரையை நிறுத்தவில்லை என்றால் அதற்குச் சொல்பேச்சு கேட்கிற தன்மை போய்விட்டது என்று பொருள். சர்க்கரை நோயாளிகளில் இன்சுலினுக்கு உடனே மசிகிறவர்கள், மசியாதவர்கள் என்று இரண்டு வகை உண்டென்று லண்டனில் ஹிம்ஸ்வொர்த் என்ற மருத்துவர் 1936-இலேயே பிரித்துக் காட்டினார்.

கேட்கிற தன்மை எப்படிப் போகிறது? ஈரல் செல்லின் மேல்தோலில் இன்சுலினைப் பிடிக்கும் ஏற்பிகள் இருக்கின்றன. இன்சுலின் வந்து ஒட்டியதும் ஏற்பியின் உள்பக்கம் ஒரு நொதியாக வேலை செய்யத் தொடங்கி, அடுத்தடுத்த புரதங்களுக்குப் பாஸ்பேட்டை மாட்டிவிடும். அந்தச் சங்கிலியில் ஏகேடி என்று ஒன்று. அது விழித்தால் ஃபாக்ஸோ 1 என்ற புரதம் செல் கருவை விட்டு வெளியே தள்ளப்படும். ஃபாக்ஸோ வெளியே போனால் சர்க்கரை செய்யும் நொதிகளின் ஜீன்கள் அடங்கும். கிளைக்கோஜன் சேர்ப்பும் தொடங்கும். இந்தச் சங்கிலி முதல் கண்ணியிலேயே அறுவதற்கு நன்றாக ஆராயப்பட்ட ஒரு காரணம், செல்லுக்குள் தேங்கும் கொழுப்பு. ஸ்கேனில் வெள்ளையாகத் தெரியும் டிரைகிளிசரைடு துளிகளைவிட, அதற்கு ஒரு படி முந்தைய டயாசில்கிளிசரால்தான் தொந்தரவு. அது செல் சவ்வில் சேர்ந்தால் பிகேசி எப்சிலான் என்ற நொதியைத் தூண்டும். அந்த நொதி இன்சுலின் ஏற்பியின் மேலேயே கைவைத்து அதன் வேலையை மட்டுப்படுத்திவிடும். இன்சுலின் ஒட்டினாலும் உள்ளே செய்தி போகாது.

இரண்டாவது காரணம் இன்சுலினே. ஈரல் கேட்கவில்லை என்றால் கணையம் இன்னும் அதிகம் சுரக்கும். ரத்தத்தில் இன்சுலின் எந்நேரமும் உயர்ந்தே இருந்தால் செல்கள் ஏற்பிகளை உள்ளே இழுத்துக்கொள்ளும், சிலவற்றை அழித்துவிடும். 1974-இல் அமெரிக்காவில் ஆய்வகத்தில் வளர்த்த மனித லிம்போசைட் செல்களை அதிக இன்சுலினில் ஊறவைத்துப் பார்த்தார்கள், ஏற்பிகளின் எண்ணிக்கை குறைந்தது. இன்சுலினை எடுத்ததும் மறுபடி ஏறியது. எனக்கு நம்பிக்கை வந்தது இதைப் படித்த அன்றுதான். போன தன்மை திரும்பி வரும், ஓயாமல் வந்து நிற்கும் இன்சுலின் குறைந்தால்.

இன்னொரு கெட்ட முடிச்சு உண்டு, இதை நீங்கள் தெரிந்துகொண்டே ஆக வேண்டும். ஈரல் இன்சுலினின் எல்லாப் பேச்சையும் ஒதுக்குவதில்லை. "சர்க்கரை செய்யாதே" என்பதைக் கேட்காது, "கொழுப்பைச் செய்" என்பதை மட்டும் விடாமல் கேட்கும். கொலஸ்ட்ரால் ஆய்வுக்கு நோபல் பரிசு பெற்ற பிரவுனும் கோல்ட்ஸ்டீனும் 2008-இல் இந்த முரணை எடுத்துக்காட்டி எழுதினார்கள். அதனால் சர்க்கரையும் ஏறும், ஈரலில் கொழுப்பும் ஏறும். கொழுப்பு ஏற ஏறக் காது இன்னும் மந்தமாகும். ஈரல் தாங்காத கொழுப்பு ரத்தத்துக்கு வரும்போது ரிப்போர்ட்டில் டிரைகிளிசரைடு 150-ஐத் தாண்டும். வெறும் வயிற்றுச் சுகர், டிரைகிளிசரைடு, ஈரல் நொதி ஏஎல்டி மூன்றும் ஒரே சீட்டில் கொஞ்சம் கொஞ்சம் கூடியிருந்தால் மூன்று வியாதி என்று பயப்பட வேண்டாம். ஒரே இடத்து விஷயம்.

குளுக்ககானிலும் இப்படி ஒரு பிளவு உண்டு. கொழுத்த ஈரல், அமினோ அமிலங்களைக் கரைத்துத் தள்ளு என்ற குளுக்ககானின் கட்டளையைச் சரியாகக் கேட்பதில்லை. அமினோ அமிலம் ரத்தத்தில் தேங்கும், அதைப் பார்த்துக் கணையம் இன்னும் குளுக்ககானை விடும், அது சர்க்கரையை ஏற்றும். பட்டினி கிடந்தால் வளர்ச்சி ஹார்மோனையும் ஈரல் கேட்காது. சாப்பிட ஆரம்பித்தால் கேட்கும். உடம்பு தேவைக்கேற்பக் கேட்பதும் கேட்காமல் இருப்பதும் இயல்பான வேலைதான். நமக்கு வந்திருப்பது அது ஒரே பக்கம் மாட்டிக்கொண்ட நிலை.

இப்போது பணம் போன கதை. ஸ்கேனில் இரண்டாம் நிலை கொழுப்பு ஈரல் என்று வந்தது. "எல்லாருக்கும் இருக்கிறதுதான்" என்றார் ஒருவர். இன்னொரு இடத்தில் முழு உடல் பரிசோதனைத் தொகுப்பு எடுக்கச் சொன்னார்கள். அறுபது எழுபது சோதனைகள், அதில் எனக்கு வேண்டியது ஐந்தாறு. பிறகு ஈரலைக் கழுவிச் சுத்தம் செய்யும் என்று விற்ற பொடியும் சிரப்பும். மாதத்துக்கு மூவாயிரத்துக்கு மேல். பாட்டிலின் மேல் என்ன சேர்ந்திருக்கிறது என்று முழுசாக எழுதியிருக்கவில்லை. ஏஎல்டி 64-இலிருந்து 110-க்குப் போனது, நிறுத்தியதும் இறங்கியது. ஈரலில் கழுவ ஒன்றுமில்லை. செல்லுக்குள் இருக்கும் கொழுப்பு எரிந்துதான் குறையும். மூலிகை என்றால் ஈரலுக்குப் பாதுகாப்பு என்ற நம்பிக்கையும் எப்போதும் சரியில்லை. சீந்தில் கொடி எடுத்தவர்கள் சிலருக்கு ஈரல் அழற்சி வந்ததை மும்பை மருத்துவர்கள் 2021-இல் பதிவு செய்தார்கள், ஆயுஷ் அமைச்சகம் அந்த முடிவை ஏற்கவில்லை. பச்சைத் தேயிலைச் சாறு மாத்திரைகளாலும் ஈரல் கெட்டவர்கள் உண்டு. எதை எடுத்தாலும் தொடங்கும் முன்னும் ஒரு மாதம் கழித்தும் ஏஎல்டி பாருங்கள்.

எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டால் இவற்றைச் சொல்வேன்: வெறும் வயிற்றுச் சுகர், வெறும் வயிற்று இன்சுலின், மூன்று மாதச் சராசரி, டிரைகிளிசரைடு, ஏஎல்டி, ஏஎஸ்டி (இன்னொரு ஈரல் நொதி), பிளேட்லெட், ஒரு முறை டிஎஸ்எச் (தைராய்டுச் சோதனை). தைராய்டு மந்தமாக இருந்தாலும் ஈரலில் கொழுப்பு சேரும். சுகரையும் இன்சுலினையும் ஒரே குத்தலில் எடுக்க வேண்டும், பட்டினி எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம். சுகர் எண்ணை 405-ஆல் வகுத்து இன்சுலின் எண்ணால் பெருக்குங்கள். எனக்கு 128, 22, விடை ஏறக்குறைய 7. இரண்டரைக்கு மேல் போனாலே ஈரல் மந்தம் என்று பொதுவாக எடுத்துக்கொள்வார்கள். பட்டினியில் எடுப்பதால் இந்தக் கணக்கு தசையைவிட ஈரலைத்தான் அதிகம் காட்டும். இன்சுலின் ஊசி போடுபவர்களுக்கு இது பொருந்தாது.

ரத்தம் எடுக்கும் இடத்தில் நீங்களே கவனிக்க வேண்டியதைச் சொல்கிறேன், இது என் தொழில். சுகருக்குச் சாம்பல் மூடி டியூப். உள்ளே சோடியம் ஃபுளோரைடு இருக்கும். ரத்தம் விழுந்ததும் எட்டு பத்து முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும், குலுக்கக் கூடாது. சாதாரண டியூபில் எடுத்து அப்படியே வைத்தால் சிவப்பணுக்கள் மணிக்கு ஐந்து முதல் ஏழு சதவீதம் சர்க்கரையைத் தின்றுவிடும். காலை ஏழு மணிக்கு எடுத்த 128, ஒன்பது மணிக்கு வண்டி ஏறும்போது 113 பக்கம் நிற்கும். முகாம்களில் "உங்களுக்கு ஒன்றுமில்லை" என்று வந்த சிலருக்கு இதுதான் நடந்தது. இன்சுலினுக்கு எடுத்த ரத்தத்தில் சிவப்பணு உடைந்தால் அதிலிருந்து வரும் நொதி இன்சுலினைத் தின்னும், எண் குறைவாக வரும். சீரம் இளஞ்சிவப்பாக இருந்தால் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். அரை மணி நேரத்தில் சுழற்றிப் பிரித்துக் குளிரில் வைத்துத்தான் மதுரைக்கோ சென்னைக்கோ அனுப்ப வேண்டும். கேட்டால் கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை, கேளுங்கள். முடி வளர எடுக்கும் பயோட்டின் மாத்திரையை இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்துங்கள், சில மெஷின்களில் இன்சுலின் எண்ணைக் கெடுக்கும். இரும்புச்சத்துக் குறைவால் சோகை இருக்கும் பெண்களுக்கு மூன்று மாதச் சராசரி உண்மையைவிடக் கூடக் காட்டலாம். ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பார்த்தால்தான் அர்த்தம்.

ஈரலில் தழும்பு விழுந்திருக்கிறதா என்பதற்கு முதல் கணக்கு காசில்லாதது. வயதை ஏஎஸ்டியால் பெருக்குங்கள். பிளேட்லெட்டை ஆயிரக்கணக்கில் எடுத்து, ஏஎல்டியின் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள். முதல் விடையை இரண்டாவதால் வகுங்கள். எனக்கு 46 பெருக்கல் 38, வகுத்தல் 240 பெருக்கல் 8, அதாவது 0.91. 1.3-க்குக் கீழே என்றால் பெரும்பாலும் பயமில்லை, 2.67-ஐத் தாண்டினால் ஈரல் நிபுணரிடம் கட்டாயம் போக வேண்டும். 65 வயதுக்கு மேல் கீழ் வரம்பை 2 என்று வைத்துக்கொள்வார்கள். இடைப்பட்டவர்களுக்கு ஈரலின் இறுக்கத்தையும் கொழுப்பையும் அளக்கும் ஃபைப்ரோஸ்கேன், மூன்று மணி நேரம் வெறும் வயிறாகப் போக வேண்டும். நான் மதுரை போய் எடுத்தேன். இறுக்கம் 5.6, 8-க்குக் கீழே ஆகையால் நிம்மதி. கொழுப்பு எண் 310, அது அதிகம். சாதாரண ஸ்கேன் 20, 30 சதவீதத்துக்குக் கீழான கொழுப்பைச் சரியாகக் காட்டாது. அதில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் ஈரல் சுத்தம் என்று சொல்ல முடியாது. நம் ஆட்களில் ஒல்லியானவர்களுக்கும் இது வருகிறது. ஆணுக்கு இடுப்பு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 தாண்டியிருந்தால் எடை எதுவானாலும் பாருங்கள்.

திரும்பி வருவதைப் பற்றி. இங்கிலாந்தின் நியூகாசிலில் ராய் டெய்லர் குழு 2011-இல் வெளியிட்ட சோதனையில் பதினோரு பேர்தான். நோய் வந்து நாலு வருஷத்துக்கு உட்பட்டவர்கள். நாளுக்கு 600 கலோரி, எட்டு வாரம். முதல் ஏழே நாளில் ஈரல் கொழுப்பில் 30 சதவீதம் போனது, வெறும் வயிற்றுச் சுகர் 166-இலிருந்து 106-க்கு வந்தது, ஈரல் மறுபடி இன்சுலின் பேச்சைக் கேட்டது. கணையம் தேறத்தான் எட்டு வாரமும் பிடித்தது. இந்த வரிசையை மனதில் வையுங்கள். ஈரல் முதலில் தேறும், கணையம் மெதுவாக. அதே குழு பங்கெடுத்து 2017-இல் வந்த பெரிய ஆய்வில், எடை குறைப்புத் திட்டத்தில் இருந்தவர்களில் 46 சதவீதம் பேர் ஓராண்டில் மருந்தில்லாமல் சர்க்கரை நோய் நிலையிலிருந்து வெளியே வந்தார்கள். 15 கிலோவும் அதற்கு மேலும் குறைத்தவர்களில் 86 சதவீதம். ஈரலுக்கு மட்டும் பார்த்தால் எடையில் 5 சதவீதம் குறைந்தாலே கொழுப்பு இறங்கும், 7 முதல் 10 குறைந்தால் அழற்சி அடங்கும், 10-க்கு மேல் போனால் தழும்பே கரையக்கூடும். 72 கிலோவுக்கு 5 சதவீதம் என்பது மூன்றரைக் கிலோதான்.

600 கலோரி மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் யாரும் தொட வேண்டாம். நான் 1200 பக்கம் வைத்தேன். நம் ஊர்ச் சாப்பாட்டில் இதற்கு எதிரி சோறு மட்டுமில்லை, சாயங்காலம் நாலரைக்கு வரும் இடைப்பலகாரம். வெள்ளைப் பணியாரத்துக்கு உழக்கில் பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதன்மேல் கோபுரமாக நிற்கிற மட்டும் உளுந்து வைத்து, ஊற வைத்து அரைத்து எண்ணெயில் ஊற்றுகிறோம். ஒரு கரண்டி மாவு, பொங்கி வரும்போது குடிக்கும் எண்ணெய் கண்ணுக்குத் தெரியாது. கந்தரப்பம், கும்மாயம், கவுனி அரிசி எல்லாவற்றிலும் வெல்லமோ கருப்பட்டியோ சீனியோ சேரும். வெல்லம் நல்லது என்று சொல்லிச் சொல்லிச் சாப்பிடுகிறோம். ஈரலுக்கு அதுவும் சுக்ரோஸ்தான், அதில் பாதி பிரக்டோஸ். பிரக்டோஸ் பெரும்பாலும் ஈரலிலேயே உடைந்து நேராகக் கொழுப்பாகக்கூடியது. கவுனி கறுப்பாக இருப்பதால் அரிசி இல்லை என்று ஆகிவிடாது. பழச்சாறும் இந்தக் கணக்கில் சேரும், முழுப் பழம் ஒன்று சாப்பிட்டால் பிரச்சினையில்லை.

நான் வைத்த அளவு இது. ஒரு சமையலறைத் தராசு வாங்கிக்கொள்ளுங்கள், கண் அளவு ஏமாற்றும். காலையில் இரண்டு முட்டையும் ஒரு தோசையும். மதியம் 60 கிராம் அரிசியைப் பச்சையாக நிறுத்து வடித்த சோறு, நூறு நூற்றிருபது கிராம் மீனோ கோழியோ, இரண்டு காய் தாராளமாக, ரசம். வெண்டைக்காய் மண்டி மாதிரி எண்ணெய் குறைந்த காய் நம்மிடமே உண்டு. மீனைக் குழம்பாக வையுங்கள், பொரிக்க வேண்டாம். சாயங்காலம் மோரும் ஒரு கைப்பிடி சுண்டலும். இரவு ஏழுக்குள் இரண்டு இட்லி, ஒரு கிண்ணம் அவித்த மொச்சை அல்லது பயறு. எண்ணெய் நாளுக்கு மூன்று தேக்கரண்டி. சைவக்காரர்கள் மீனுக்குப் பதில் 150 கிராம் பன்னீரோ ஒரு கிண்ணம் கெட்டிப் பருப்பும் தயிருமோ எடுக்கலாம். புரதம் குறைந்தால் எடை குறையும்போது தசையும் போகும். பிறகு சாப்பிட்ட சர்க்கரையை வாங்கிக்கொள்ள இடமில்லாமல் ஈரல் மேல் மறுபடி சுமை விழும். வாரம் அரைக் கிலோ போதும். ஒரேயடியாகக் குறைத்தால் பித்தப்பையில் கல் வரும் வாய்ப்பு கூடும். கல்யாண வீட்டு இலையில் உட்கார நேர்ந்தால் காய், கறி, மோர் மூன்றையும் முதலில் முடித்துவிடுங்கள், சோற்றுக்கு இடம் தானாகக் குறையும். "ஒரு வாய் இனிப்பு வச்சுக்கடி, சொந்தக்காரவுக மனசு கஷ்டப்படும்" என்பார்கள். அப்படியே ஒரு வாய் எடுத்துக்கொண்டு எழுந்துவிடலாம்.

இரவுச் சாப்பாட்டுக்குப் பின் இருபது நிமிஷம் நடப்பது காலை நடையைவிட எனக்குப் பயன்பட்டது. தசை வாங்கிக்கொண்டால் ஈரலுக்குப் போகும் சர்க்கரை குறைகிறது. தூக்கமும் மருந்துதான். ஒரே ஓர் இரவு நாலு மணி நேரம் மட்டும் தூங்கினாலே ஈரல் அடங்காமல் அதிகச் சர்க்கரை விடுவதை நெதர்லாந்தில் அளந்து காட்டியிருக்கிறார்கள். குடிப்பவர்கள் இந்த மாதங்களில் முழுசாக நிறுத்த வேண்டும். இன்னொன்று ஊசி. மூட்டு வலிக்கும் மூச்சிரைப்புக்கும் போடும் ஸ்டீராய்டு, கார்ட்டிசாலின் அண்ணன் தம்பி. டெக்சாமெத்தசோன் ஒரு ஊசி போட்டாலே சில நாள் சுகர் ஏறி நிற்கும். எந்த ஊசி என்று பெயர் கேட்டு எழுதி வாங்குங்கள். தேவையான நோய்க்கு மருத்துவர் கொடுத்ததை நீங்களாக நிறுத்தவும் கூடாது.

மாத்திரை எடுப்பவர்களுக்கு எச்சரிக்கை. சாப்பாட்டைக் குறைக்கும் முன் மருத்துவரைப் பார்த்து கிளிமிப்பிரைடு, இன்சுலின் அளவைக் குறைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் சுகர் தாழ்ந்து மயக்கம் வரும். சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் டாபாகிளிஃப்ளோசின் வகை எடுப்பவர்கள் சோற்றை அடியோடு நிறுத்தவோ பட்டினி கிடக்கவோ கூடாது. சுகர் எண் சாதாரணமாக இருக்கும்போதே ரத்தம் அமிலமாகிவிடும் ஆபத்து உண்டு. வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்கினால் உடனே ஆஸ்பத்திரி. எடை குறையும்போது ரத்த அழுத்த மாத்திரையும் அதிகமாகிப்போகலாம். கர்ப்பிணிகள், முதல் வகைச் சர்க்கரைக்காரர்கள், சிறுநீரகம் கெட்டவர்கள், ஏற்கெனவே எடை குறைந்தவர்கள் இந்த வழியில் தானாக இறங்க வேண்டாம். எனக்கு மெட்ஃபார்மின் 500 கொடுத்தார்கள். 1957-இலிருந்து புழக்கத்தில் இருக்கும் மருந்து, ஈரல் வெளியே விடும் சர்க்கரையைக் குறைப்பதே அதன் முக்கிய வேலை. சாப்பாட்டோடு எடுத்தால் வயிறு அவ்வளவு கலங்காது. வருஷக்கணக்கில் எடுத்தால் பி12 பாருங்கள். ஈரல் கொழுப்புக்கென்றே சரோகிளிட்டசாருக்கு இந்தியாவில் 2020-இல் அனுமதி வந்தது. தைராய்டு ஹார்மோன் செய்யும் வேலையை ஈரலில் மட்டும் தூண்டும் ரெஸ்மெடிரோமுக்கு அமெரிக்காவில் 2024-இல் வந்தது. யாருக்கு எது என்பதை நிபுணர்தான் சொல்ல வேண்டும்.

தேறுவது எந்த வரிசையில் வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன், நடுவில் மனம் தளராமல் இருக்க உதவும். தராசில் பெரிதாக ஒன்றும் தெரியாத முதல் வாரங்களிலேயே விடிகாலை ஏற்றம் சுருங்கியது, மூன்று மணிக்கும் ஆறு மணிக்கும் இடையே 18 என்றிருந்தது 6, 7 ஆனது. அடுத்து டிரைகிளிசரைடு இறங்கியது. பிறகு ஏஎல்டி. இடுப்பும் எடையும் அதற்குப் பின். சாப்பிட்ட பின் வரும் சுகர் கடைசியாகத்தான் அசைந்தது, அதில் கணையத்துக்கும் தசைக்கும் பங்கு அதிகம். எடை 65-க்கு வந்தபோது வெறும் வயிற்றில் 97, இன்சுலின் 9, பெருக்கி வகுத்தால் 2.2 பக்கம். ஏஎல்டி 29, ஃபைப்ரோஸ்கேன் கொழுப்பு எண் 236. கல்யாணங்கள் சேர்ந்து வந்தபோது ஒரு வாரத்திலேயே காலை எண் 110-ஐத் தொட்டது, பழைய அளவுக்குத் திரும்பியதும் சில நாளில் இறங்கியது. ஈரல் கெடுவதும் தேறுவதும் இரண்டும் வேகம்.

செலவைக் குறைக்க ஒரு கால அட்டவணை. வீட்டு மெஷினில் வாரம் இரண்டு காலை போதும், தினமும் குத்த வேண்டாம். ஏஎல்டியும் டிரைகிளிசரைடும் ஆறு வாரத்துக்கு ஒரு முறை. மூன்று மாதச் சராசரியை மூன்று மாதத்துக்குள் மறுபடி எடுப்பது காசுக்குக் கேடு. வெறும் வயிற்று இன்சுலின் தொடக்கத்தில் ஒன்று, எடையில் 7 சதவீதம் குறைந்த பின் ஒன்று, அவ்வளவுதான். ஃபைப்ரோஸ்கேன் ஆறு மாதத்துக்கு முன் வேண்டாம். சுகரும் ரத்த அழுத்தமும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் பார்க்கிறார்கள், மாத்திரை மக்களைத் தேடி மருத்துவம் வழியாக வீட்டுக்கே வரும். கொழுப்பு ஈரலைத் தொற்றா நோய்த் திட்டத்தில் 2021-இலேயே மத்திய அரசு சேர்த்திருக்கிறது. அங்கே போகும்போது "சுகர் இருக்கு" என்று மட்டும் சொல்லாமல், வெறும் வயிற்று எண், ஏஎல்டி, பிளேட்லெட், இடுப்பளவு நாலையும் ஒரு தாளில் தேதியோடு எழுதிக்கொண்டு போங்கள்.